கடிதம் போட்ட ஊரும் வாய்மூடிய ஊரும்

குழந்தைகள் காப்பகம் ஒன்றின்மேல் புகார் வந்தால், அதை முதலில் கேட்டுக்கொண்ட அதிகாரி அந்த வாரத்துக்குள் என்ன செய்கிறார் என்பதுதான் மற்ற எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது. வழக்கும் தண்டனையும் சட்டத் திருத்தமும் அதற்குப் பிறகு வருகிறவை. இதை விளங்கிக்கொள்ள இரண்டு ஊர்களின் கதையை அருகருகே வைத்துப் பார்க்கலாம். ஒன்று, அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில் லாஸ் ஏஞ்சலிஸுக்குப் பக்கத்துக் கடலோர நகரமான மன்ஹாட்டன் பீச், 1983ஆம் ஆண்டு. மற்றது, ஜப்பானின் ஷிசுஓகா மாநிலத்தில் ஃபூஜி மலையடிவாரத்தில் இருக்கும் சுசோனோ நகரம், 2022ஆம் ஆண்டு. முதல் ஊரில் புகார் வந்து ஒரு மாதம் ஆவதற்குள் காவல் துறை ஏறத்தாழ 200 குடும்பங்களுக்குக் கடிதம் போட்டது. இரண்டாவது ஊரில் மூன்று மாதத்துக்கு மேல் நகராட்சி அதை வெளியே சொல்லவில்லை.

முந்தையதை அவசரம் என்றும் பிந்தையதை மெத்தனம் என்றும் சொல்லி முடித்துவிடலாம். பலரும் அப்படித்தான் சொல்கிறார்கள். எனக்கு அது போதவில்லை. இரண்டு ஊர்களிலும் நடந்த தவறு ஒன்றுதான்: விசாரிக்கும் கடமை யாருக்கு இருந்ததோ அவர் அந்த வேலையை இன்னொருவர் தலையில் கட்டிவிட்டார். மன்ஹாட்டன் பீச்சில் அது பெற்றோர் தலையில் விழுந்தது. சுசோனோவில் புகாருக்கு உள்ளான காப்பகத்தின் தலையிலேயே விழுந்தது.

மக்மார்ட்டின் பாலர் பள்ளி மன்ஹாட்டன் பீச்சில் நல்ல பெயர் எடுத்த பள்ளி. இடம் கிடைக்கப் பெற்றோர் காத்திருப்பார்கள். ஒரே குடும்பத்தின் மூன்று தலைமுறையினர் அங்கே வேலை பார்த்தார்கள். 1983 ஆகஸ்டில் ஒரு தாய், அங்கே பணியாற்றிய இளைஞர் தன் இரண்டரை வயது மகனிடம் தகாத முறையில் நடந்துகொண்டதாகக் காவல் துறையிடம் சொன்னார். அந்த இளைஞர் பள்ளியை நிறுவியவரின் பேரன். செப்டம்பர் 7 அன்று அவரைக் கைது செய்தார்கள்; சான்று போதாததால் விட்டுவிட்டார்கள். மறுநாளே காவல் துறைத் தலைவரின் கையெழுத்தோடு அந்தக் கடிதம் கிளம்பியது.

கடிதத்தைச் சற்று நிதானமாகப் பார்க்க வேண்டும். பள்ளியில் படிக்கும் குழந்தைகளின் பெற்றோருக்கும், முன்பு படித்தவர்களின் பெற்றோருக்கும் அது போனது. சந்தேகத்துக்கு உள்ளானவரின் பெயர் அதில் இருந்தது. என்னென்ன குற்றங்கள் நடந்திருக்கலாம் என்ற பட்டியலும் இருந்தது. உங்கள் குழந்தை எதையாவது பார்த்ததா, அதற்கு ஏதாவது நேர்ந்ததா என்று கேட்டு, உடன் வைத்திருக்கும் படிவத்தை நிரப்பி, தபால்தலை ஒட்டிய உறையில் திருப்பி அனுப்பும்படி பெற்றோரைக் கேட்டுக்கொண்டது. விசாரணையை ரகசியமாக வைத்துக்கொள்ளுங்கள் என்றும் ஒரு வரி இருந்தது.

இப்படி ஒரு கடிதம் கையில் கிடைத்த தாயின் நிலையை எண்ணிப் பாருங்கள். அவர் காவல் அதிகாரி இல்லை. குழந்தையிடம் எப்படிக் கேட்க வேண்டும் என்று யாரும் அவருக்குச் சொல்லித்தரவில்லை. கேட்கும்போதே ஒரு பெயரும் ஒரு பட்டியலும் அவர் மனத்தில் இருக்கின்றன. நான்கு வயதுக் குழந்தை இல்லை என்று சொன்னால், பயத்தில் சொல்கிறதோ என்று நினைப்பார். இரவு தூங்கவைக்கும்போது மறுபடி கேட்பார். அடுத்த வீட்டுக்காரியும் அதே கடிதத்தோடு வருவார். ரகசியம் காக்கச் சொன்ன வரி இருநூறு வீடுகளில் ஒரு நாள்கூடத் தாங்கியிருக்காது. அந்தத் தாயிடம் நான் ஒரு குறையும் காணவில்லை. அந்த இடத்தில் யாராக இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பார்கள். சீருடை போட்டவர்கள் செய்திருக்க வேண்டிய வேலையைத் தபாலில் அவருக்கு அனுப்பியதுதான் குற்றம்.

அடுத்து, குழந்தைகள் நலத்துக்கான ஒரு தனியார் நிறுவனத்துக்கு அவர்களைப் பேட்டி எடுக்க அனுப்பினார்கள். நூற்றுக்கணக்கான குழந்தைகள் அங்கே போனார்கள். பேட்டி எடுத்தவர்கள் கைப்பொம்மைகளை வைத்துப் பேசவைத்தார்கள். மற்ற பிள்ளைகள் ஏற்கெனவே சொல்லிவிட்டார்கள் என்றார்கள். சொன்ன பிள்ளையைக் கெட்டிக்காரர் என்று பாராட்டினார்கள். ஒன்றும் நடக்கவில்லை என்ற பதிலுக்குப் பிறகும் அதே கேள்வியைத் திரும்பக் கேட்டார்கள். 1984 வசந்த காலத்துக்குள் 360 குழந்தைகள் பாதிக்கப்பட்டிருப்பதாக அந்த நிறுவனம் முடிவுகட்டியது. பள்ளிக்கு அடியில் சுரங்கப் பாதைகள் இருப்பதாகவும் குழந்தைகள் சொன்னதாகப் பேச்சு வந்தது. 1985இல் பெற்றோரே மண்வெட்டியோடு போய்த் தோண்டினார்கள். அரசுத் தரப்பு நிபுணர்களை வைத்துத் தேடியபோதும் அன்று எதுவும் கிடைக்கவில்லை.

ஏழு பேர்மேல் குற்றம் சுமத்தப்பட்டது. அவர்களில் பள்ளியை நிறுவிய முதியவரும் ஒருவர். முதற்கட்ட விசாரணை மட்டும் ஒன்றரை ஆண்டு இழுத்தது. 1986 ஜனவரியில் மாவட்ட அரசு வழக்கறிஞர் ஐரா ரைனர், சான்று மிக மிகப் பலவீனம் என்று சொல்லி ஐந்து பேர்மேல் இருந்த வழக்கைக் கைவிட்டார். மீதி இருவர் மீதான வழக்கில் 1990 ஜனவரியில் தீர்ப்பு வந்தது: 52 குற்றச்சாட்டுகளில் விடுதலை, 13இல் ஜூரிகளுக்குள் ஒருமித்த முடிவு இல்லை. அந்த இளைஞர் மட்டும் மறுபடி கூண்டில் நிறுத்தப்பட்டார். அந்த ஜூரியும் முடிவுக்கு வர முடியாமல் போனதால் வழக்கு தள்ளுபடியானது. அதற்குள் அவர் ஐந்து ஆண்டு சிறையில் கழித்திருந்தார். செலவு ஒன்றரைக் கோடி டாலர். ஒரு குற்றச்சாட்டுகூட நிரூபணமாகவில்லை.

பேட்டிகளின் ஒளிநாடாக்களைப் பார்த்த ஜூரிகள் சிலர், குழந்தைகள் தாமாகச் சொன்னது எது, சொல்லவைக்கப்பட்டது எது என்று பிரித்தறிய முடியவில்லை என்றார்கள். இந்த வழக்கில் என்னை மிகவும் வருத்துவது இதுதான். 1983 ஆகஸ்டில் ஒரு தாய் ஒரு புகார் சொன்னார். அதை முறையாகப் பரிசோதித்துப் பார்க்க ஒரு வாய்ப்பு இருந்தது. குழந்தைகளின் வாயில் பெரியவர்களின் சொற்கள் ஏறிய பிறகு அந்த வாய்ப்பு என்றைக்குமாகப் போய்விட்டது.

இனி சுசோனோ. 2022 ஜூன் முதல் ஆகஸ்ட் வரை, அங்குள்ள ஒரு தனியார் காப்பகத்தில் ஒரு வயதுப் பிள்ளைகளின் வகுப்பைப் பார்த்துக்கொண்ட மூன்று ஆசிரியைகள் குழந்தைகளைத் துன்புறுத்தினார்கள் என்பது புகார். ஆகஸ்ட் நடுவில் காப்பகத்தின் உள்ளிருந்தே அது நகராட்சிக்குப் போனது. காலைப் பிடித்துத் தலைகீழாகத் தூக்கியது, தலையில் அடித்தது, காகிதம் வெட்டும் கத்தியைக் காட்டி மிரட்டியது, தூங்கும் குழந்தையைப் பார்த்து உயிர் போய்விட்டது என்று சொன்னது என 15 செயல்கள் பின்னால் பட்டியலாயின.

ஆகஸ்டில் தெரிந்த செய்தியை நகராட்சி வெளியே சொன்னது நவம்பர் 30 அன்று. இடைப்பட்ட காலத்தில் என்ன நடந்தது என்பதைத் தேடிப் பார்த்தால் கூட்டங்களும் அறிக்கைகளும்தான் தென்படுகின்றன. ஊழியர்களைக் கேட்டுச் சொல்லும் வேலை பெரும்பாலும் காப்பகத்திடமே இருந்தது. வெளியே பேசமாட்டோம் என்று ஊழியர்களிடம் காப்பகத்தின் தலைவர் எழுதி வாங்கியதாக நகராட்சி பின்பு குற்றம் சாட்டியது. உண்மையை மறைத்ததாக அவர்மேல் நகர மேயரே காவல் துறையில் புகார் கொடுத்தார். அதே மேயர் தலைமையிலான நகராட்சியின் மேசையில்தான் அந்தச் செய்தி மூன்று மாதம் கிடந்தது என்பதையும் சேர்த்தே படிக்க வேண்டும்.

நவம்பர் 30 அன்று செய்தி வெளிவந்தது; டிசம்பர் 4 அன்று மூன்று ஆசிரியைகளும் கைதானார்கள். ஐந்தாவது நாள். காவல் துறைக்கு வேண்டியிருந்ததெல்லாம் தகவல் ஒன்றுதான் என்பதை இந்தக் கணக்கு சொல்கிறது. அந்தத் தகவல் ஆகஸ்டிலேயே நகராட்சி அலுவலகத்தில் இருந்தது.

ஏன் சொல்லவில்லை? பெற்றோர் பதறுவார்கள், குழந்தைகளை நிறுத்திவிடுவார்கள், பெயர் கெடும், ஆசிரியைகளை நீக்கினால் ஆள் கிடைக்காது. இவை நான் ஊகிக்கும் காரணங்கள். காப்பகம் நடத்தும் எவரோடும் பேசினால் இவற்றைத்தான் கேட்க நேரும். ஆள் பற்றாக்குறை பொய்யும் இல்லை. ஜப்பானில் ஒரு வயதுக் குழந்தைகள் ஆறு பேருக்கு ஓர் ஆசிரியை என்பது சட்டம் வைத்த அளவு. நடக்கத் தொடங்கி, விழுந்து, அழுது, கண்டதையெல்லாம் வாயில் போடும் ஆறு பேர். நான்கைந்து வயதினருக்கு 30 பேருக்கு ஒருவர் என்ற அளவு எழுபத்தாறு ஆண்டு மாறாமல் இருந்து, 2024 ஏப்ரலில்தான் 25 ஆனது. வேலைச் சுமை கத்தியைக் காட்டி மிரட்டியதற்குச் சமாதானம் ஆகாது. ஆனால் சக ஊழியர் ஒருவர் பார்த்தும் பேசாமல் இருப்பதற்கு அது பெரும் காரணம். நாளைக்கும் அதே அறையில் அதே ஆளோடு நின்றாக வேண்டும் என்பது அவருக்குத் தெரியும்.

இரண்டு ஊர்களையும் ஒப்பிடும்போது முக்கியமான வேறுபாடு சாட்சியில் இருக்கிறது. மன்ஹாட்டன் பீச்சில் நேரில் பார்த்த பெரியவர் எவரும் இல்லை. எல்லாம் குழந்தைகளின் வாய்ச்சொல்லில் நின்றது. சுசோனோவில் குழந்தைகளுக்குப் பேச்சே வரவில்லை. நேரில் பார்த்தவர்கள் சக ஊழியர்கள். அதனால் முதல் ஊரில் தேவைப்பட்டது கேட்கும் முறை. இரண்டாவது ஊரில் தேவைப்பட்டது சொல்கிறவருக்குப் பாதுகாப்பு. இரண்டும் அன்று இல்லை. குழந்தையிடம் எப்படிக் கேட்பது என்ற முறை அமெரிக்காவில் அப்போது உருவாகவே இல்லை. ஊழியர் எங்கே போய்ச் சொல்வது, சொன்னால் அலுவலகம் எத்தனை நாளில் என்ன செய்தாக வேண்டும் என்பது ஜப்பானின் சட்டத்தில் இல்லை. அந்நாட்டின் 2000ஆம் ஆண்டுக் குழந்தை வதைத் தடுப்புச் சட்டம் பெற்றோரையும் பாதுகாவலரையும் பற்றியது. குழந்தைகள் இல்லங்களுக்கும் வளர்ப்புக் குடும்பங்களுக்கும் பிறகு விதிகள் வந்தன. காலையில் விட்டு மாலையில் அழைத்துப் போகும் காப்பகம் மட்டும் இரண்டுக்கும் இடையில் விடுபட்டு நின்றது.

இரண்டு நாடுகளும் பின்னால் பாடம் கற்றன. வந்த வழிகள் வேறு. அமெரிக்கப் பாடம் ஆய்வுக்கூடத்திலிருந்து வந்தது. மக்மார்ட்டின் பேட்டிகளில் கையாண்ட உத்திகளை எடுத்து, உளவியலாளர்கள் ஒரு சோதனை செய்து 1998இல் வெளியிட்டார்கள். ஒரு விருந்தினர் காப்பகத்துக்கு வந்து, குழந்தைகளுக்குக் கதை சொல்லிவிட்டுப் போனார். ஒரு வாரம் கழித்து, 3 முதல் 6 வயதுப் பிள்ளைகளிடம் அவர் செய்யாத செயல்களைச் செய்தாரா என்று கேட்டார்கள். ஒரு குழுவிடம் பதிலை உள்ளே வைத்த கேள்விகளை மட்டும் கேட்டார்கள்: 17 விழுக்காடு பொய்யான ஆமாம் வந்தது. இன்னொரு குழுவிடம், மற்றவர்கள் சொல்லிவிட்டார்கள் என்பதையும் பாராட்டையும் முகம் சுளிப்பதையும் சேர்த்தார்கள்: 58 விழுக்காடு. பேட்டி ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. மன்ஹாட்டன் பீச்சின் குழந்தைகளிடம் இதைவிட நெடுநேரம் பேசியிருந்தார்கள். இன்று பல நாடுகளில் பயிற்சி பெற்றவர் ஒருவரே, திறந்த கேள்வியாகக் கேட்டு, ஒலி ஒளிப்பதிவோடு குழந்தையின் சொல்லை வாங்குவதற்கு இந்த வழக்கின் தோல்வி ஒரு பெரும் காரணம்.

ஜப்பானில் பாடம் கணக்கெடுப்பிலிருந்து வந்தது. சுசோனோவுக்குப் பிறகு அரசு நாடு முழுவதும் கேட்டுப் பார்த்தது. 2022 ஏப்ரல் முதல் டிசம்பர் வரை காப்பகங்களில் முறையற்ற பராமரிப்பு என்று உறுதியானவை 914. அவற்றில் வதை என்று சொல்லத்தக்கவை 90. 2023 ஏப்ரலில் தொடங்கிய குழந்தைகள் மற்றும் குடும்பங்களுக்கான தனி முகமை, அடுத்த மாதமே வழிகாட்டு நெறிகளை வெளியிட்டது. 2025இல் சட்டம் திருத்தப்பட்டு, காப்பக ஊழியர்கள் செய்யும் வதையைக் கண்டவர் புகார் தர வேண்டியது கடமை என்றாகி, அக்டோபரில் நடைமுறைக்கு வந்தது. ஒரு நகராட்சி மூன்று மாதம் பேசாமல் இருந்ததற்கும் நாட்டின் சட்டம் பேசியதற்கும் இடையில் மூன்று ஆண்டு ஓடியது.

மன்ஹாட்டன் பீச் இருக்கும் அதே கலிபோர்னியாவில் இன்று ஒரு காப்பகப் புகார் எப்படிக் கையாளப்படுகிறது என்பதைச் சொல்லாமல் இந்த ஒப்பீடு முழுமை பெறாது. மாநிலச் சமூக சேவைத் துறையின் உரிமப் பிரிவுக்குப் புகார் போகிறது. புகார் தந்தவர் பெயரைக் காப்பகத்திடம் சொல்ல மாட்டார்கள். பத்து நாளுக்குள் ஆய்வாளர் காப்பகத்துக்கு நேரில் போக வேண்டும். முன்கூட்டிச் சொல்லாமல் போவார். அவர் செய்வதில் பரபரப்பு எதுவும் இல்லை. எத்தனை குழந்தைகள், எத்தனை ஆசிரியைகள் என்று எண்ணுவார். பாலர் வகுப்பில் 12 பேருக்கு ஓர் ஆசிரியை, கைக்குழந்தைகள் 4 பேருக்கு ஒருவர். எந்த நேரத்திலும் ஆசிரியையின் பார்வைக்கு வெளியே ஒரு குழந்தையும் இருக்கக் கூடாது என்பது விதி. வருகைப் பதிவேட்டைப் பார்ப்பார். விளையாட்டு இடத்தின் வாயில் தாழ்ப்பாளை இழுத்துப் பார்ப்பார். ஊழியர்களைத் தனித்தனியாக உட்காரவைத்துப் பேசுவார்.

கடைசியில் ஒரு படிவம் எழுதுவார். புகார் என்ன, என்ன பார்த்தேன், முடிவு என்ன. முடிவில் மூன்று சொற்களில் ஒன்றுதான் வரலாம்: மெய்ப்பிக்கப்பட்டது, மெய்ப்பிக்கப்படவில்லை, ஆதாரமற்றது. இரண்டாவது சொல்லின் பொருளைப் படிவமே விளக்குகிறது: நடந்திருக்கலாம், ஆனால் நடந்தது என்று சொல்லும் அளவுக்குச் சான்று இல்லை. மக்மார்ட்டின் காலத்து ஊர் இந்த நடுச்சொல்லைத் தெரிந்துவைத்திருந்தால் எத்தனையோ பேர் பிழைத்திருப்பார்கள். புகாருக்கு உள்ளானவர் அரக்கன் அல்லது அப்பாவி, குழந்தை பொய் சொல்லாது அல்லது பொய் சொல்லும் என்று இரண்டாகப் பிரிந்து நின்ற ஊருக்கு, தெரியவில்லை என்று நேர்மையாகச் சொல்லும் இடம் ஒன்று தேவைப்பட்டது.

சுசோனோவுக்கும் அந்தப் படிவத்தில் பதில் இருக்கிறது. குழந்தைகளுக்கு உடனடி ஆபத்து என்று வகைப்படுத்தப்பட்ட குறை கண்டுபிடிக்கப்பட்டால், அறிக்கையைக் காப்பகத்தில் பெற்றோர் கண்ணில் படும்படி 30 நாள் ஒட்டிவைக்க வேண்டும். பெற்றோருக்கு நகல் தர வேண்டும். அடுத்த ஓராண்டில் சேர வருகிறவர்களுக்கும் தர வேண்டும். அதை வாங்கிக்கொண்டதற்குக் கையெழுத்தும் வாங்க வேண்டும். பெற்றோர் பதறுவார்களா என்ற கேள்விக்கே அங்கே இடம் வைக்கவில்லை.

கலிபோர்னியாவைப் புகழ்ந்து முடிக்க நான் வரவில்லை. 2003 நிதி நெருக்கடியில் வழக்கமான ஆய்வுகளை வெட்டி, ஒரு காப்பகத்தை ஐந்து ஆண்டுக்கு ஒருமுறை பார்த்தால் போதும் என்று விட்ட மாநிலமும் அதுதான். 2017இல்தான் அது மூன்று ஆண்டு ஆனது. புகார் வந்தால் பத்து நாளில் வரும் ஆய்வாளர், புகாரே வராத காப்பகத்துக்கு எப்போது வருவார்? ஒரு வயதுக் குழந்தை புகார் சொல்லாது. உள்ளே வேலை பார்ப்பவர் வாயைத் திறந்தால்தான் உண்டு. அதனால் சுசோனோவில் நகராட்சிக்குச் சொன்ன அந்த ஊழியரைத்தான் நான் இந்த இரண்டு கதைகளிலும் மிகவும் மதிக்கிறேன். அவரை ஆகஸ்டிலேயே மதித்திருக்க வேண்டியவர்கள் டிசம்பர்வரை எடுத்துக்கொண்டார்கள்.

நம் நாட்டுச் சட்டம் இந்த இரண்டு படிப்பினைகளையும் ஓரளவு உள்வாங்கியிருக்கிறது. 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டப்படி, குழந்தைக்கு எதிரான பாலியல் குற்றம் தெரிந்தவர் காவல் துறைக்குச் சொல்லியே ஆக வேண்டும். மறைக்கும் நிறுவனத் தலைவருக்குச் சிறைத் தண்டனை உண்டு. குழந்தையின் வாக்குமூலத்தைச் சீருடை இல்லாமல், குழந்தை இருக்கும் இடத்துக்கே போய் வாங்க வேண்டும். அடி, மிரட்டல் போன்ற கொடுமைகளுக்கு 2015ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டத்தின் 75ஆம் பிரிவு இருக்கிறது. குழந்தையைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பில் உள்ள நிறுவனத்தின் ஆளே கொடுமை செய்தால் ஐந்து ஆண்டுவரை கடுங்காவல்.

உங்கள் பிள்ளை காப்பகத்திலோ பாலர் பள்ளியிலோ நடந்ததாக ஏதாவது சொன்னால், என்ன நடந்தது என்று மட்டும் கேளுங்கள். யார் பெயரையும் நீங்கள் எடுத்துக் கொடுக்காதீர்கள். பிள்ளை சொன்ன சொல்லை அப்படியே, தேதியும் நேரமும் போட்டு எழுதிவையுங்கள். திரும்பத் திரும்பக் கேட்காதீர்கள். காப்பகமே விசாரித்துச் சொல்லட்டும் என்று காத்திருக்காமல், அன்றைக்கே காவல் நிலையத்துக்கோ 1098 என்ற எண்ணுக்கோ சொல்லுங்கள். காப்பகத்தில் வேலை பார்ப்பவர் இதைப் படித்துக்கொண்டிருந்தால், உங்களுக்கும் அதே எண்தான்.